தேனீக்களுக்கான வினைச்சொல்

ஞாயிறு மாலை அப்பா பேசும்போது
பின்னால் ஒரு குரைப்பு இருக்கும்.
தபால்காரம்மா வராத நாளிலும்
அவள் சைக்கிளை நினைத்து
ரூடிஸ் குரைக்கும்.
"சும்மா இரு" என்பார் அதனிடம்.
இங்கே நான் சும்மா இருப்பேன்.
விறகு, முதுகுவலி, டீசல் விலை.
ஆறு வருடமாக இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஜனவரியில் ஒரு ஞாயிறு
"சும்மா இரு" வரவில்லை.
தூங்குகிறதா என்றேன்.
தூங்குகிறது என்றார்.
அடுத்த ஞாயிறும் தூங்கியது.
அதற்கடுத்த ஞாயிறு நான் கேட்கவில்லை.
டீசல் ஏறிவிட்டதாம்.
அங்கேயுமா என்றேன்.

அயர்லாந்தில், மொனஹன் பக்கம்,
காளான் கொட்டகையில் எனக்கு வேலை.
ஜன்னல் கிடையாது. ஆறு அடுக்குத் தட்டு,
கரிய மண், வெள்ளைத் தலைகள்.
ஒரே நாளில் இரண்டு மடங்காகும்:
இன்று பொத்தான், நாளை கிண்ணம்,
நாளை மறுநாள் யாரும் வாங்கமாட்டார்கள்.

காலை இடைவேளையில்
அக்கா அஸ்டாவின் செய்தி வந்தது.
"நீ கேட்டால் சொல்வேன் என்றார் அப்பா.
நீ கேட்கவே இல்லையாமே."

கடைசியாக ஊருக்குப் போன கோடையில்
என்னைப் பார்த்துத்தான் முதலில் குரைத்தது,
அந்நியனுக்குக் குரைக்கிற மாதிரி.
பிறகு வாடை பிடிபட்டதும்
தலையைத் தாழ்த்திக்கொண்டு
மேசைக்கடியில் போய்ப் படுத்துவிட்டது.
யாருக்கு அதிக வெட்கம் என்று தெரியவில்லை.

விடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம்:
இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?
தாய், தந்தை, துணை, பிள்ளை,
உடன்பிறந்தோர், மற்றவை.
மற்றவைக்கு எதிரே
கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு.
அதில் எதை எழுத?
என் பூட்ஸில் இடதுகாலை மட்டும் தின்றவன்?
அம்மாவின் பெட்டி போன வண்டிக்குப் பின்னால்
நான் ஓடாத தூரத்தையும்
சேர்த்து ஓடியவன்?
விரல்மண் ஒட்டிய தாளை
அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

மேற்பார்வையாளர் பிரீட்
தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"யாரு?"
"நாய்."
வெளியே கூட்டிப்போய்
தன் பிக்கப் வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள்.
உள்ளே ஆடு மேய்க்கிற நாய், ஒரு கண் நீலம்.
என் சட்டைக்கையை முகர்ந்தது.
எருவாடை.
பிறகு என் தோளைத் தாண்டி
பிரீட் எங்கே என்று பார்த்தது.
சரிதான். அதற்கு அவள்தானே.
"பதினைந்து நிமிஷம்," என்றாள்,
"சம்பளத்தில் பிடிக்கமாட்டேன்."

எங்கள் லித்துவேனிய மொழியில்
சாவுக்கு இரண்டு வினைச்சொல்.
மனிதருக்கு ஒன்று.
மாடு, பூனை, கோழிக்கு இன்னொன்று;
சொல்லி முடித்ததும் துப்பத் தோன்றும்.
விலக்கு தேனீக்கு மட்டும்.
தேனீ செத்தாலும் மனிதருக்கான சொல்தான்.
அப்பா இதில் மகா கறார்.
பக்கத்துத் தோட்டத்துக்காரர்
தன் குதிரைக்கு அந்தச் சொல்லைப் போட்டபோது
"பாதிரியார் வந்தாரா?" என்று கேட்டவர்.

அந்த ஞாயிறு நானே கேட்டேன்.
அடுப்பில் கட்டை வெடிக்கும் சத்தம்
கொஞ்ச நேரம்.
மண் உறைந்து கிடந்தது, என்றார்.
ஆப்பிள் மரத்தடியில் இரண்டு நாள்
தீ மூட்டி இளக்க வேண்டியிருந்தது.
மண்வெட்டிப் பிடி உடைந்துவிட்டது.
புதுசு ஒன்று செதுக்கணும்.
யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.
பிறகு,
"வியாழக்கிழமை. பால் வைத்துவிட்டுத்
திரும்புகிறேன், அதற்குள்"
என்று நிறுத்தி
தேனீக்களுக்கான சொல்லைச் சொன்னார்.

நான் திருத்தவில்லை.
அவரும் திருத்திக்கொள்ளவில்லை.
டீசல் இப்போது என்ன விலை என்றேன்.
சொன்னார். பைசா வரைக்கும் சொன்னார்.

நாளை ஐந்தரைக்கு எழ வேண்டும்.
நான்காம் கொட்டகையில்,
விளக்கணைத்த பிறகும்,
பொத்தான்கள்
கிண்ணமாகிக்கொண்டிருக்கும்.