ஒரு விரற்கடை

கோத்தகிரியில் விடியலில் ஓடுகிற பெண்
பஸ்ஸைத் தவறவிட்டவள்.
வேறு காரணம் இருக்க முடியாது.
அதனால்தான் ஐந்து ஐம்பது மேட்டுப்பாளையம் வண்டி
முதல் நாளே எனக்காக நின்றது.
"ஏறும்மா, எதுக்கு இப்படி மூச்சு வாங்குறே?"
என்றார் டிரைவர் பெள்ளிராஜ்.
இல்லைங்க, சும்மா ஓடுறேன்.
"சும்மாவா!"
வண்டியே திரும்பிப் பார்த்தது,
கேரட் மூட்டைகள் உட்பட.

சும்மா இல்லை.
அரசு மருத்துவமனை லேபில்
பதினாறு வருஷமாய் ஊரின் ரத்தத்தை எடுக்கிறேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு
என் விரலை நானே குத்திக்கொண்டேன்.
இருநூற்றுப் பதினான்கு.
மெஷின் சரியில்லை என்று
எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.
மறுபடி குத்தினேன்.
இருநூற்றுப் பதினொன்று.
மூன்று புள்ளி தள்ளுபடி.

மகன் விட்டுப்போன ஷூ, நுனியில் துணி அடைத்து.
சுடிதார் மேல் ஸ்வெட்டர், தலையில் மங்க்கி குல்லா.
அரவேனு வரை இறக்கத்தில் ஓட்டம்,
திரும்பி ஏற்றத்தில் பஸ்.
யாரும் கேட்காதவரை
அதற்கும் ஓட்டம் என்றுதான் பெயர்.

மூன்றாம் வாரம் இடது இடுப்புக்குள்
யாரோ சாவி விட்டுத் திருப்பினார்கள்.
பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை,
திருப்பிக்கொண்டே இருந்தார்கள்.
இடப்பக்கம் படுக்க முடியவில்லை.
ராத்திரி முழுக்கச் சுவரின் ஈரத்தைப் பார்த்துக் கிடந்தேன்.
தைலம் தேய்த்தேன்.
நீலகிரித் தைலம் நீலகிரியில் வேலை செய்வதில்லை.
"நாப்பத்தாறு வயசுல இதெல்லாம்…" என்று
பாதியில் நிறுத்தினார் சேவியர்.
மீதியை நானே முடித்துக்கொள்ள வேண்டும்.

குன்னூரில் பிசியோ ஃபிலோமினா
காலை மடக்கினாள், நீட்டினாள்,
ஒருக்களித்துப் படுக்கவைத்து
முழங்கால்களைச் சிப்பி மாதிரி
திறந்து மூடச் சொன்னாள்.
ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு சிப்பி.
பதினைந்தாவது தடவையில் கேட்டாள்:
"ரோட்டுல எந்தப் பக்கமா ஓடுவீங்க?"

எப்பவும் இடது பக்கம்.
மண்திட்டை ஒட்டி, வாய்க்காலை ஒட்டி.
அந்தப் பக்கம் பள்ளம்,
விடியலில் காட்டெருமை நிற்கும்.

"ரோடு வாய்க்காலுக்குச் சாயுதில்ல?
ஒவ்வொரு அடிக்கும் உங்க இடது காலு
ஒரு விரற்கடை கீழ போகுதுக்கா."

துளி ரத்தத்தில் ஒளிந்திருப்பதையெல்லாம்
கண்டுபிடிக்கிற எனக்கு
காலுக்குக் கீழே கிடந்தது தெரியவில்லை.
மழைக்காகச் சாய்த்த சாலை
மழை இல்லாத நாளிலும் சாய்ந்துதான் கிடக்கிறது.
அப்புறம் எங்கே பார்த்தாலும் சாய்வு.
பள்ளிக்கூட மைதானம் கோல்போஸ்ட் பக்கம் இறங்குகிறது.
என் வீட்டுத் தோசைக்கல்லில்
எண்ணெய் எப்போதும் ஜன்னலை நோக்கி ஓடுகிறது.
இத்தனை வருஷமும்
அடுப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் சிப்பி.
பிறகு ரெண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம்.
நான்காம் நாள் மறுபடியும் சாவி.
மைல்கல்லைப் பிடித்து நின்றேன்.
வண்டி நின்றது. இந்தத் தடவை ஏறினேன்.
"அரவேனு ஒண்ணு" என்றேன்,
அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இடுப்பு என்றதும் பெள்ளிராஜ்
கியர் மாற்றிக்கொண்டே சிரித்தார்.
"எனக்கும் அதே பக்கந்தான்மா. கிளட்ச்சு.
இருபத்திரண்டு வருஷம்.
உனக்காச்சும் பக்கம் மாத்தி ஓடலாம்.
நான் மாத்தினா இத்தனை பேரும் பள்ளத்துல."
வளைவு வந்தது. இடது காலை அழுத்தினார்.
அவர் தாடையில் ஒரு நரம்பு துடித்ததை
லேபுக்காரி பார்த்தேன்.
இறங்கும்போது சொன்னேன்,
ஒரு நாள் வெறும் வயித்துல வாங்கண்ணா.
"எதுக்கு?"
சும்மா.

இப்போது அந்த வண்டி எனக்காக நிற்பதில்லை.
இரண்டு சின்ன ஹாரன்,
படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்துகிறான்:
"யக்கா, பக்கம் மாத்து!"
மாத்தினேன்.
பனிக்குள் ஒரு காட்டெருமை
அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.
திரும்பவும் மாத்தினேன்.