அனுமதிக்கப்பட்ட ஈரம்

ஓலெசுண்டில் மழை.
மேசையில் மூன்று கோப்புகள்,
நடுவே ஒரு துண்டு உப்பிட்ட காட் மீன்,
சாட்சி சொல்ல வந்ததுபோல.

நான் குன்வோரின் வக்கீல்.
இருபத்தேழு டன் அனுப்பினாள் அவைரோவுக்கு.
"ஈரம் கூடுதல். மீதிப் பணம் கிடையாது"
என்று எழுதிவிட்டார் துவார்த்தே பெஸ்தானா.
ஒப்பந்தத்தில் நாற்பத்தேழு விழுக்காடு;
அவர் அளந்ததில் ஐம்பது.
மூன்று விழுக்காட்டுத் தண்ணீருக்கு
மூன்று கோப்பு.

"நீதிமன்றம்" என்றாள்.
போகலாம்.
இங்கே தீர்ப்பு வாங்கி, போர்ச்சுக்கீசில் பெயர்த்து,
அங்கே இன்னொரு வாசலில் நின்று முடிப்பதற்குள்
இந்த மீனுக்குப் பேரன் பிறந்து
அவனும் வலையில் விழுந்திருப்பான்.

"நடுவர் மன்றம்?"
பதினோராம் பிரிவு: லண்டன், மூவர்.
யாரோ ஒரு கப்பல் ஒப்பந்தத்திலிருந்து
நகலெடுத்த வரி;
கப்பலின் பெயரைக்கூட அடிக்க மறந்திருக்கிறார்கள்.
கணக்குப் போட்டுக் காட்டினேன்:
மீன் கால் பணம், நடுவர் முக்கால் பணம்.

அவள் பேசாமல் அந்தத் துண்டை எடுத்து முகர்ந்தாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இதில் சட்டம் எங்கே இருக்கிறது?
மீன் நனைந்ததா, இல்லையா.
இதற்கு ஒரு மூக்கு போதும்,
ஒரு கட்டைவிரல், ஒரு அடுப்பு, ஒரு தராசு.

இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்து:
அளப்பவர் சொல்வதே முடிவு, மேல்முறையீடு இல்லை.
(என் கட்டணத்தில் பாதி அந்தத் தாளோடு போயிற்று.)

கிரிஸ்தியான்சுண்டில் மீன் தரம் பிரிக்கும் ராக்ன்ஹில்ட்
கத்தியைப் பெட்டிக்குள் பூட்டி விமானம் ஏறினாள்.
அவைரோவின் குளிர்கிடங்கில் ஒன்றரை நாள்.
வாலில் அழுத்தினாள், முதுகில் கீறினாள்,
துண்டுகளைச் சுட வைத்து எடை பார்த்தாள்.
ஒன்பது டன் ஈரம். பதினெட்டு டன் சரி.
அரைப் பக்க அறிக்கை,
அதில் ஒரு உரிச்சொல் கிடையாது.
நாலாம் நாள் பணம் வந்தது, பதினெட்டுக்கு.

கோப்பை மூடினேன்.
குன்வோர் எழுந்திருக்கவில்லை.
பிப்ரவரிக் கடிதத்தை உருவி எடுத்தாள்.
"நீங்கள் உலர்த்துவது மீனையா, பொய்யையா?"
பத்தொன்பது வருட வியாபாரத்துக்குப் பிறகு
அந்த ஒரு வரி.
"இதை எந்தத் தராசில் வைப்பது?" என்றாள்.

ஒப்பந்தத்தைத் திரும்பப் புரட்டினேன்.
பதினான்கு பிரிவு. இதற்கு இல்லை.
மத்தியஸ்தர் வைக்கலாம்,
பெர்கனில் பொறுமைசாலி ஒருவர் இருக்கிறார்,
மணிக்கு இவ்வளவு என்று வாயெடுப்பதற்குள்
எண்களை அழுத்திவிட்டாள்.

எடுத்தார்.
இருவரும் பேசவில்லை.
இந்த மௌனம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது
என்று ஓடியது என் தொழில் புத்தி.

பிறகு, உடைந்த ஆங்கிலத்தில், அவர்:
"அங்கே மழையா?"

"மழைதான்."

"இங்கேயும்."

அந்த முக்கால் மணி நேரத்தை
நான் பட்டியலில் சேர்க்கவில்லை.