ஒரு நூல்

முதலில் காற்றைத் திட்டினாள்.
கெந்த் நகரத்தில் அது சுலபம்;
ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு
எந்தப் பழியையும் சுமக்கிற முதுகு உண்டு.
பிறகு சாலையின் சரிவைத் திட்டினாள்.
பிறகு இடது தோளில் தொங்கிய பையை.
பையை வலது தோளுக்கு மாற்றிய அன்றும்
கைப்பிடியை விட்ட மறுகணம்
சைக்கிள் இடப்பக்கமே போனது,
கடன் கொடுத்தவனைக் கண்டு ஒதுங்குகிறவன் மாதிரி.

புது ஃபிரேம். ஈரப் பாசியின் பச்சை.
அதற்காக மாக்டெல்ட் ஒன்பது மாதம்
இரவு ஷிஃப்டில் டிராம் ஓட்டினாள்.
தண்டவாளம் பார்த்தே பழகிய கண்;
நேர் என்பது அவளுக்குத்
தரையில் பதித்து வைத்த விஷயம்.

சக்கரமாக இருக்கலாம் என்று
பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினாள்.
சக்கரத்தின் கோணல் என்றால் பக்கம் மாறும்.
மாறவில்லை.
ரிம் அதே பக்கம் ஒட்டி நின்று
பிரேக் கட்டையை உரசியது.

சமையலறை மேசையில் ஃபிரேமைக் கவிழ்த்து
மீன்பிடி நூலைப்
பின்கவையின் இடது முனையில் முடிந்து
முன்கழுத்தைச் சுற்றி
வலது முனைக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினாள்.
நூல் பிடித்த மாதிரி என்கிறோமே, அப்படி.
நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி
இடப்பக்கம் முப்பத்தொன்று,
வலப்பக்கம் இருபத்தெட்டு.
முடிச்சைச் சந்தேகித்தாள்,
அளவுகோலைச் சந்தேகித்தாள்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன்னையும்.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு.
மூன்று மில்லிமீட்டர்;
தச்சர் கணக்கில் ஒரு நூல்.
நூல் கட்டிப் பார்த்தால் நூலளவு பிசகு.

படம் வைத்துக் கம்பெனிக்கு எழுதினாள்.
பதினோராம் நாள் பதில்:
அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது.
வளைக்க முயன்றால் உத்தரவாதம் செல்லாது.
தங்கள் பயணங்கள் இனிதாகட்டும்.

டிப்போவில் ஃபிக்ரெத்திடம் சொன்னாள்.
தண்டவாள இடைவெளி அளக்கிற வேலை அவனுக்கு.
சாண்ட்விச்சை மென்றபடி,
'வளைவு வந்தால் நாங்களே கொஞ்சம்
அகலம் கூட்டித்தான் போடுவோம், தெரியுமா' என்றான்.
'இது வளைவு இல்லை' என்றாள்.
'இது என் ஆயிரத்து நானூறு யூரோ.'
அவன் மீதியை மடித்து வைத்துவிட்டுப்
பலகை ஒன்று தேடப் போனான்.

எஃகு முதலில் ஒப்புக்கொள்வதுபோல் காட்டும்.
தள்ளினால் வரும், விட்டால் போகும்.
இன்னும் தள்ளினால் இன்னும் வரும்,
விட்டால் முழுசாய்ப் போகும்.
நாய் வாலுக்கும் இதற்கும்
விலையில்தான் வித்தியாசம் என்று தோன்றும்.
ஃபிக்ரெத் முன்கழுத்தைத் தொடைகளில் இடுக்கிக்கொள்ள,
பலகையின் நுனியில் அவள்
எழுபத்திரண்டு கிலோவையும் சாய்த்தபோது
வெகு சின்னதாய் ஒரு சத்தம்,
நகம் வெட்டுகிற மாதிரி.
வெல்டிங் ஓரம் பச்சைப் பெயிண்ட்
முடியிழையாய் வெடித்தது.
உத்தரவாதம் அவ்வளவு மெல்லியது.

நூல் கட்டினார்கள்.
முப்பது. இருபத்தொன்பது.
'இன்னொரு தரம்?' என்றான், பலகையை ஓங்கியபடி.
வெடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு
வேண்டாம் என்றாள்.
இந்தப் பச்சையில் நகப்பூச்சு கிடைக்குமா
என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் கால்வாய்க் கரை.
கையை விட்டாள். எண்ணினாள்.
பதினாலு வரை நேராகப் போனது.
பதினைந்தில் லேசாக இடது.
அன்றைக்குப் பார்த்து
உண்மையாகவே காற்று அடித்தது;
கட்டிக்கிடந்த படகொன்றின் கொடி
விறைத்து நின்றது.

ஆறரை மணி டிராமை எடுத்தாள்.
மூன்று வாரம் கோணலைச் சரிக்கட்டிய உடம்பு
தண்டவாளத்தின் மேலும்
ஒரு நூலளவு வலப்பக்கம் சாய்ந்தே
உட்கார்ந்திருந்தது.