தனி ஆவர்த்தனம்

தொண்ணூற்று நாலு வயது சவுரிராஜன் சாருக்கு
மன்னார்குடி சபாவில் இரங்கல் கூட்டம்.
மேடையில் அவர் வாங்காத பட்டங்களையும் வாசிக்கிறார்கள்.
மூணாறு தலைப்பில் லஸ்கராயிருந்தவன் நான்,
கடைசி வரிசை.

எனக்குத் தெரிந்தவர் வேறு.
ஷட்டர் ஏறும்போது கைப்பிடிச் சுவரில்
மிஸ்ர சாபு தட்டுவார்.
ஏழாவது எண்ணிக்கையில் பல்சக்கரம் கரகரத்தால்
"கிரீஸ் வைக்கலையா, பக்கிரி?"

தனி ஆவர்த்தனத்தில் காபிக்கு எழுந்து போகிறவர்களை
மதகைத் திறந்துவிட்டுத் தூங்கும் லஸ்கரைப்போலப் பார்ப்பார்.
அந்தப் பார்வையை
ஐப்பசியில் ஒரு ராத்திரி நானும் வாங்கியிருக்கிறேன்.

அவர் டைரியை மகள் பூமா காட்டினாள்.
இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கச்சேரி.
"கோரையாறு நாலேகால் அடி."
"பைரவி, இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்."

ஓய்வுபெற்றபின் பதினோரு வருஷம்
ஒரே வடிகாலுக்காக நகராட்சிக்குக் கடிதம்:
மட்டம் மூன்று அங்குலம் தப்பு,
தண்ணீருக்கு மேடேறக் காலில்லை.
ஒருவழியாகத் தோண்டித் திருத்தினார்கள்.
பொன்னாடையோடு போன தலைவரிடம்
"சபாவில் மிருதங்கக்காரர் தலையில் ஒழுகுகிறது,
அதைப் பாருங்கள்" என்றாராம்.

மின்சாரம் போய் மைக் நின்றது.
வெளியே நல்ல மழை.
பேச்சாளர் தாளைப் பிடித்தபடி காத்திருக்கிறார்.
கூரை ஒழுகவில்லை.
சுவருக்கு அந்தப்புறம்
வடிகாலில் தண்ணீர் போகிற சத்தம்,
ஒரே காலப்பிரமாணத்தில்.

நாலைந்து பேர் காபிக்கு எழுந்தார்கள்.
நான் உட்கார்ந்திருந்தேன்.