அரைக்கால்

நூறு என்றுதான் சொன்னான் பிரைட்சன்,
கம்பத்திலிருந்து இறங்காமலே.
'நூறு எம்பியாக்கும் அக்கா, பறக்கும்.'

களியக்காவிளைச் சந்தையில்
எடை பார்க்காமல் சாளை வாங்குகிறவள் நான்.
அந்த நூறையும் அப்படியே வாங்கிவந்தேன்.
திரையில் பன்னிரண்டரை ஓடியது.

போனில் கத்தி முடிக்கும்வரை பேசாமலிருந்தான்.
'நான் சொன்னது சின்ன பி.
நீங்க பாக்குறது பெரிய பி.'

நம் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது.
ஒரு எழுத்து நிமிர்ந்து நிற்கிறதா குனிந்து நிற்கிறதா என்பதில்
எட்டு மடங்கு போகும் என்று
எந்த டீச்சரும் சொல்லவில்லை.
பிட் என்றால் எனக்குத் தெரிந்தது
பிளஸ் டூ பரீட்சையில்
டெல்பியின் பாவாடை மடிப்பில் இருந்த காகிதம்.
அதில் எட்டு சேர்ந்தால் ஒரு பைட்டாம்.
டெல்பி ஏழுதான் வைத்திருந்தாள்.
இரண்டு மார்க்கில் போயிற்று.

எட்டால் வகு, அவ்வளவுதான்.
எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று
பெயர் இருந்த மொழி இது.
நூறில் அரைக்கால் பன்னிரண்டரை.
பிரைட்சன் ஏமாற்றவில்லை,
முழுதாகவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை.
பெண் மார்த்தாண்டம், மாப்பிள்ளை நெய்யாற்றின்கரை.
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்,
இருநூற்று எழுபது ஜிபி கல்யாணம்.
நாளை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு விருந்து.
அதற்குள் தம்பானூரில் ஷைஜு நிறம் திருத்தி
எல்இடி சுவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பது மணிக்கு அனுப்பத் தொடங்கினேன்.
'இறக்கத்தான் நூறு. ஏத்த இருபதாக்கும்' என்றான் பிரைட்சன்.
இந்தத் தடவை கத்தவில்லை.
அரைக்கால் போட்டேன்: நொடிக்கு இரண்டரை.
மின்சார பில்லின் முதுகில்
பூஜ்யங்களை வரிசையாக உட்காரவைத்து வகுத்தேன்.
ஒரு லட்சத்து எட்டாயிரம் நொடி.
முப்பது மணி நேரம்.
நாளை மூன்று மணிக்குப் போய்ச் சேரும்.
ஷைஜுவுக்குக் கை கழுவக்கூட நேரமிருக்காது.

டிஸ்க்கில் ஏற்றி
ஜெபர்சனின் பையில் போட்டு
பத்து பத்துக்கு வந்த சிவப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.
கண்டக்டர் ஒரு ஆளுக்குத்தான் சீட்டு கிழித்தார்.
மடியில் ஒரு கல்யாணமே இருந்தது,
லக்கேஜ் கேட்கவில்லை.
இஞ்சிவிளை தாண்டும்போது
எல்லை அவனுக்குத் தெரிந்ததாம்,
லாட்டரிக் கடைகளால்.

வேலை ஓடவில்லை. மறுபடி அந்த பில்.
ஒன்றரை மணி நேரம் என்றால் ஐயாயிரத்து நானூறு நொடி.
நொடிக்கு ஐம்பது. பெரிய பி.
எட்டால் பெருக்கு:
கேரள அரசு பஸ்ஸின் வேகம்
நானூறு எம்பிபிஎஸ்.

பிரைட்சனை அழைத்துச் சொல்லலாமா என்று இருந்தது.

பதினொன்றரைக்கு ஜெபர்சன்:
'பாலராமபுரத்துல பிளாக்கு அக்கா, பத்து நிமிசமா நிக்குது.'
பில்லில் இடமில்லை. உள்ளங்கையில் எழுதினேன்.
முன்னூற்று அறுபது.
பத்து நிமிடத்தில் நாற்பது போயிற்று.
வண்டிக்குள் ஒரு பைட்டும் சிந்தவில்லை,
யாரோ ஒருவருடைய பலாப்பழம் மட்டும்
ஜெபர்சனின் காலில் உருண்டதாம்.

(டிஸ்க்கில் ஏற்ற முக்கால் மணி ஆனதை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.
பிரைட்சன் மாதிரி நானும்
பெரிய எண்ணைத்தான் சொல்கிறேன்.)

பன்னிரண்டுக்கு ஷைஜுவிடமிருந்து மலையாளத்தில் ஒரு சொல்:
கிட்டி.

கிடைத்தது என்கிறான்.
பதினெட்டு பைட்.
வகுக்கவும் பெருக்கவும் தோன்றவில்லை,
இந்தப் பக்கத்திலும் அது ஏறக்குறைய அதே சொல்.

சாப்பிடப் போக எழுந்தபோதுதான் பார்த்தேன்,
நிறுத்த மறந்திருந்தேன்.
மூலையில் அந்தப் பச்சைக்கோடு
பத்து சதவீதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது,
மணப்பெண் இன்னும் வீட்டுப்படி இறங்கவில்லை.