ஒரு சாண் இரும்பு

நோவா ஸ்கோஷியாவில் மார்ச் சகதி.
ஐந்து ஏக்கர், அதில் ஒன்றரை சரிவு.

"முப்பத்தைந்து குதிரைத்திறன் எடுங்கள்,
பின்னால் வருந்த மாட்டீர்கள்" என்கிறான்
விற்பனைக்கார டெல்பர்ட்.
வெர்னா கொட்டகைக் கதவின் உயரத்தை
ஒரு கழியில் சாக்பீஸ் கோடாகக்
கொண்டுவந்திருக்கிறாள்.

பெரிய டிராக்டர் அருகே நிறுத்தினாள்:
கோட்டுக்கு மேலே ஒரு சாண் இரும்பு.

அடுத்தது சின்னது, பழையது.
இருக்கை கிழிந்து பஞ்சு தெரிகிறது.
முன்வாளியில் யாரோ விட்டுப்போன
ஒற்றைக் கையுறை.
ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச்சுக்குக் கால் எட்டியது.

போன ஜனவரியில் மூன்று நாள்
பாதை பனியில் கிடந்தது.
சாவியைத் தொடாமல் கேட்டாள்:
"கடுங்குளிரில் எத்தனை தரம் இருமும்?"

டெல்பர்ட் வாயெடுத்தான், மூடினான்.
பிறகு, "நாலைந்து."

"சரி," என்றாள்,
"கையுறையையும் சேர்த்து விலை சொல்."