கலப்பரிசி

சனிக்கிழமை தோறும் சாக்கோடு போவேன்.
பெத்தானியாவிளையில் நாற்பத்திமூன்று அடுப்படி,
நாற்பத்திமூன்று டின்.
உலை வைக்குமுன் மிஷனரிக்கு ஒரு பிடி.
பிடி என்றால் யார் பிடி என்று
சங்கத்துச் சட்டத்தில் எழுதவில்லை.
சொர்ணபாய்க்குக் கை ஓலைப்பெட்டி மாதிரி;
உபதேசியார் வீட்டில் மூன்று விரலால் கிள்ளுவார்கள்.

பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் புழுங்கல்,
கல்யாண வீட்டில் மிஞ்சிய சீரகச்சம்பா,
எல்லாம் ஒரே சாக்கில் விழும்.
ஒரே உலையில் வேகாது.
திசையன்விளை கோழித்தீவனக் கடைக்காரர்
கிலோ பதினெட்டுக்கு எடுத்துக்கொள்வார்.
அதுதான் பதினோரு வருஷமாய்
ஒடிசா மலைக்குப் போகிறது,
எட்வின் துரைசிங் பெயருக்கு.

அவர் கடிதத்தை ஆராதனை முடிந்ததும் வாசிப்பேன்.
இந்த மாதம் மழை. பாலம் போயிற்று.
சுக்ரா மாஜியின் மகன் தன் பெயரை எழுதினான்.
எனக்கு மறுபடி மலேரியா.
அவ்வளவுதான் இருக்கும்.
"எத்தனை பேர்?" என்பார் அருமைத்துரை.
மோசமான மனுஷர் இல்லை,
பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் டிக்கெட் எண்ணியவர்.
என் நோட்டில் அந்தப் பத்தி காலி.
சுழி போட மனசு வரவில்லை.

ஐப்பசியில் வந்த கடிதம் வேறு மாதிரி.
பணம் போதும்.
ஊரில் அடிபம்பு ரெண்டு வருஷமாய்ச் செத்துக் கிடக்கிறது.
கைவேலை தெரிந்த ஒருவர் வருவாரா?

மின்விசிறியின் முனகல் கேட்டது.
அசன ஏலத்தில் ஒற்றைப் பூசணிக்காயை
ஆயிரத்துக்கு ஏற்றுகிறவர்கள் எல்லாம்
பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார்கள்.
நானும்தான்.

திங்கள் சாயங்காலம் ரத்னபால் வந்தான்.
காற்றாலைகளில் ஏறி இறங்குகிற மெக்கானிக்.
பிரசங்கம் முடியுமட்டும்
மணிக்கூண்டு நிழலில் பைக்கில் உட்கார்ந்திருப்பான்;
காணிக்கைப் பை அதுவரை நீண்டதில்லை.
"அக்கா, அது என்ன பம்பு?"
"பம்புன்னு மட்டும்தான் போட்டிருக்கு."
"வாஷர் போயிருக்கும். பாத்துக்கிடலாம்."

கமிட்டி கூடியது.
சாட்சி சொல்லத் தெரியாதவனை
எந்த முகத்தோடு அனுப்ப என்றார்கள்.
அருமைத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தண்ணி வரவழைக்கத் தெரியும்லா."
மினிட்டில் அப்படியே எழுதினேன்.

ரெண்டு வாரம் என்று போனவன்
நாலு மாதமாய் வரவில்லை.
அடுத்த ஊரிலும் பம்பு கிடக்கிறதாம்,
அதற்கடுத்த ஊரிலும்.
திரும்பும் செலவுக்கென்று நான் கிழித்த கோட்டுக்குக் கீழே
இன்னும் ஒன்றும் இல்லை.
போனில் குரல் அறுந்து அறுந்து வந்தது.
கருப்பட்டி கேட்டான்.
"ஞாயித்துக்கிழமை உள்ளதான் உக்காருதேன்க்கா,
இங்க வெளிய நிழலே இல்ல."

போன சனிக்கிழமை
அவன் மனைவி பியூலா நடையில் நின்று மறித்தாள்.
"எங்க வீட்டுக்கு ஏன் வரல?"
பட்டியலில் அந்த வீடு இல்லை.
பதினோரு வருஷமாய் இல்லை.
அதை எழுதியவள் நான்.
சாக்கைத் திறந்தேன்.
பால்பவுடர் டின்னைக் கவிழ்த்தாள்.
நிறைய இல்லை. கொஞ்சம் வண்டும் இருந்தது.

அன்று ராத்திரி ஒரு படி அரிசிக்குக்
கடைக்காரர் தருகிற காசை நானே போட்டுவிட்டு
அந்தச் சாக்கிலிருந்து அள்ளி உலையில் இட்டேன்.
பாதி குழைந்தது.
பாதி வெறும் அரிசியாகவே பல்லில் பட்டது.
துவையல் தொட்டுக்கொண்டு,
மெதுவாக,
முழுசும் சாப்பிட்டேன்.